சேர்மன் அம்மா உள்ளே இருக்கிறார்

நெல்லிமேடு நகராட்சியின் வரலாற்றில் ஒரு பெண் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வரலாறு என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். பல்லாவரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவே, ஏரியில் பாதியையும் வயலில் முழுசையும் விழுங்கிவிட்டு எழும்பிய ஊர் அது. அதுவரை மூன்று ஆண்கள் தலைவர்களாக இருந்து, ஆளுக்கொரு நகரைத் தங்கள் பெயரில் உண்டாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். சாக்கடை மட்டும் யார் பெயரிலும் உண்டாகவில்லை.

நான்காவதாக வந்தவர் பேபி ஏசுதாசன். வயது ஐம்பத்து மூன்று. புதன் சந்தையில் இருபத்திரண்டு வருஷம் கருவாடு விற்றவர். தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்றதும், அந்த ஊரின் பழைய நிலக்காரரும் அடுத்த தலைவர் தாம்தான் என்று வேட்டி சட்டை தைத்து வைத்திருந்தவருமான கேசவன் ஒரு வாரம் சாப்பிடவில்லை. அப்புறம் மனசைத் தேற்றிக்கொண்டு, சொன்னபடி கேட்கிற ஒரு பெண்ணைத் தேடினார். மனைவியை நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் ஏற்கெனவே வீட்டுக்குத் தலைவர். ஊருக்கும் தலைவராகிவிட்டால் கேசவன் எங்கே போய் நிற்பார்? படித்த பெண்ணென்றால் கேள்வி கேட்பாள். கருவாட்டுக்காரி என்றால் நன்றியோடு இருப்பாள் என்று கணக்குப் போட்டார். பேரம் படியாமல் நகரும் ஆளை ஒரே பார்வையில் திரும்பி வரவைக்கிறவள் கருவாட்டுக்காரி என்பது, மீனை வீட்டு வாசலிலேயே வாங்கிப் பழகிய அவருக்கு எப்படித் தெரியும்?

பதவி ஏற்ற அன்றே, துணைத் தலைவர் கேசவன் அவருக்கு வேலையை விளக்கிச் சொல்லிவிட்டார்.

"அம்மா, கோயில்ல மூலவர், உற்சவர்னு ரெண்டு உண்டு. நீங்க உற்சவர். அலங்காரம் பண்ணிகிட்டு ஊர்வலம் வரணும், ஜனங்க கும்பிடணும். உள்ள இருக்கிற வேலையெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

"புரிஞ்சிது சார். எங்க மாதா கூட தேர்ல வர்றப்போ ஒண்ணும் பேசாது," என்றார் பேபி. கேசவனுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அப்படியே இரண்டு வருஷம் ஓடியது. பேபி ரிப்பன் வெட்டினார். கத்திரிக்கோலை எந்தக் கோணத்தில் பிடித்தால் போட்டோவில் முகம் மறையாது என்று கற்றுக்கொண்டார். குத்துவிளக்கின் முதல் திரியைத் தாம் ஏற்றிவிட்டு மெழுகுவத்தியைக் கேசவனிடம் தரவேண்டும் என்று கற்றுக்கொண்டார். பீரோ கொள்ளாமல் சேர்ந்த பொன்னாடைகளைச் சந்தைப் பெண்களுக்குக் கொடுத்தார். அவர்கள் அவற்றைக் காய்கறிக் கூடைகள்மேல் வெயிலுக்குப் போர்த்தினார்கள். அந்த ஊரில் கத்தரிக்காய்க்குக் கிடைத்த மரியாதை பல கவுன்சிலர்களுக்குக் கிடைக்கவில்லை.

அவருக்கு முன்னால் நடக்க ஒரு டவாலி உண்டு. பெயர் ஏசுபாதம். வெள்ளைச் சட்டை, தோளில் சிவப்புப் பட்டை, நெஞ்சில் பித்தளை வில்லை. "தலைவர் அவர்கள் வருகிறார்கள்!" என்று அவர் குரல் கொடுத்தால் டீக்கடையில் வடை எடுப்பவன்கூட நிமிர்ந்து நிற்பான். மூன்று ஆண் தலைவர்களுக்கு முன்னால் நடந்தவர். அவருக்குத் தெரிந்த சட்டம் இரண்டுதான்: தலைவர் எந்த அறைக்குள் இருந்தாலும் டவாலி வாசலில் நிற்க வேண்டும், தலைவரைப் பற்றியதோ தலைவருக்கு உரியதோ, சேதி எதுவானாலும் உரக்கச் சொல்ல வேண்டும்.

இப்படி உற்சவம் நடந்துகொண்டிருந்தபோதுதான் செல்லம்மா படுத்தாள்.

செல்லம்மா யார் என்று சொல்லிவிட வேண்டும். சந்தையில் பேபியின் கருவாட்டுக் கூடைக்கு அடுத்த கூடை அவளுடையது, கீரை. இருபத்திரண்டு வருஷம் ஒரே குடையின் நிழலை இரண்டு பேரும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டவர்கள். அந்தச் சந்தைப் பெண்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. புதன்கிழமை விடிந்ததிலிருந்து சந்தை கலையும்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். விரதமெல்லாம் இல்லை. குடித்தால் போவதற்கு இடம் கிடையாது, அவ்வளவுதான். ஆண்கள் ஏரிக்கரைப் பக்கம் ஒதுங்கிவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு வருவார்கள். பெண்கள் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருப்பார்கள்.

பேபி தலைவரானதும் சந்தைக்கு என்று இரண்டு கழிப்பறைகளைத் திறந்து வைத்தார். இரண்டும் போட்டோ எடுத்த அன்று சாயங்காலமே பூட்டப்பட்டன. ஒன்றில் பினாயில் கம்பெனிக்காரன் டப்பா அடுக்கி வைத்தான். இன்னொன்றின் சாவி யாரிடம் இருக்கிறது என்று நகராட்சி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே.

சிறுநீரகத்தில் கல் என்று செல்லம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பேபி ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாகப் பார்க்கப் போனார். முன்னால் ஏசுபாதம் குரல் கொடுக்க, வார்டே எழுந்து உட்கார்ந்தது. செல்லம்மா மட்டும் எழவில்லை.

"நீ சேர்மன் ஆனப்போ தெருவுல ஆடினவ நானு," என்றாள். "நம்ம ஆளு ஒருத்தி மேல போயிட்டா, இனிமே நமக்கு ஒரு பாத்ரூமாவது கெடைக்கும்னு சொல்லிகினு திரிஞ்சேன். நீ தொறந்த ரெண்டும் பூட்டிகினு கீது. உன் கத்திரிக்கோல வெச்சிகினு நான் இன்னா பண்றது? போ பேபி. உன்கூட எனக்கு இனிமே பேச்சு இல்ல."

சொன்னதோடு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எட்டு மாசம், பேபி சந்தைப் பக்கம் போனால் செல்லம்மா கீரைக்கட்டை எண்ணுகிற மாதிரி குனிந்துகொள்வாள். ஊரே எழுந்து நிற்கிற பெண்ணுக்கு அந்த ஒருத்தி நிமிராதது தாங்க முடியவில்லை. ராத்திரிச் சோறு இறங்கவில்லை. கணவர் ஏசுதாசன், குரோம்பேட்டையில் ஒரு துணிக்கடைக்குக் காவலாளி, "பதவிய விட்டுட்டு கூடைய எடுத்துக்கோயேன்," என்றார். அதுவும் முடியாது. கூடையை எடுத்தால் செல்லம்மா பக்கத்தில்தானே உட்கார வேண்டும்?

அதன்பின் பேபி ஒரு புதுப் பழக்கத்தை ஆரம்பித்தார். எதைத் திறந்தாலும் அதை முதலில் தாமே உபயோகிப்பது. பூங்காவைத் திறந்தால் ஊஞ்சலில் ஏறி ஆடினார். நூலகத்தைத் திறந்தால் உட்கார்ந்து ஒரு பேப்பரை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம்வரை எழுத்துக்கூட்டி வாசித்தார். அதுவரை கமிஷனர் வெளியே நின்றார். உடற்பயிற்சிக் கூடத்தில் பட்டுப்புடவையோடு சைக்கிள் மிதித்தார். அந்தப் போட்டோ செல்போன் செல்போனாகச் சுற்றியது. கேசவனுக்கும் சந்தோஷம். "அம்மாவுக்கு விளம்பர யுக்தி நல்லா வருது," என்று பெருமைப்பட்டார். இந்த ஊஞ்சலும் சைக்கிளும் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

சந்தைக்கு மூன்றாவது கழிப்பறை தயாரானது. பெண்களுக்கென்றே நான்கு அறை. கட்டியவன் விக்கி, கேசவனின் மனைவிக்குத் தம்பி. "பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது" என்று கேசவன் ஒரு புதன்கிழமையைக் குறித்தார். அதில் அவருக்கு ஒரு சொந்த லாபமும் இருந்தது. அவருடைய புதுக் கல்யாண மண்டபமான கேசவ மஹாலின் திறப்பு விழாவும் அன்றைக்கே. பத்தரைக்குக் கழிப்பறை, அங்கிருந்து நேரே மஹால், பதினொன்றேகாலுக்குக் குத்துவிளக்கு. பன்னிரண்டுக்கு ராகு காலம் தொடங்கிவிடும். "நகரின் முதல் பெண் தலைவர் தம் திருக்கரங்களால்" என்று அழைப்பிதழில் தங்க எழுத்தில் அடித்திருந்தது. அது கேசவன் மனைவியின் ஆசை. அந்த வீட்டில் ஆசை என்றால் உத்தரவு என்று பொருள்.

அன்று தவில் முழங்கியது. பேபி ரிப்பனை வெட்டினார். கை தட்டினார்கள். நாலு கோணத்தில் போட்டோ ஆயிற்று. சந்தைப் பெண்கள் கூடைகளுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து பார்த்தார்கள்; இது மூன்றாவது தடவை, அவர்களுக்கு என்ன புதுசு? செல்லம்மா கீரைக்கட்டை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வண்டில ஏறலாமா?" என்றார் கேசவன்.

பேபி கத்திரிக்கோலை ஏசுபாதத்திடம் கொடுத்துவிட்டு, செருப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே நடந்தார்.

"அம்மா, எங்க போறீங்க?"

"தொறந்தேன் இல்ல? மொத ஆளு நானு."

போட்டோக்காரர்கள் அவசரமாகக் கேமராவைக் கீழே இறக்கினார்கள். கமிஷனர் வானத்தைப் பார்த்தார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. ஏசுபாதம் ஒரு கணம் தயங்கினார். இப்படியொரு அறையை எந்த ஆண் தலைவரும் அவருக்குக் காட்டியதில்லை. ஆனால் சட்டம் சட்டம்தான். பெண்கள் என்று எழுதியிருந்த பலகைக்குக் கீழே போய் விறைத்து நின்றுகொண்டார்.

உள்ளே பேபி குழாயைத் திருகினார். ஒரு பெருமூச்சு வந்தது, தண்ணீர் வரவில்லை. அவர் பயந்தது அதற்குத்தான். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறிப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். போர்வெல் இருந்தது. மோட்டாருக்குக் கட்டிய சிமெண்டு மேடை இருந்தது. அதில் நான்கு போல்ட்டுகள் நட்டுக்கொண்டு நின்றன. மோட்டார் இல்லை.

"கேசவன் சார்!" சந்தைக் குரல் ஏறக்குறைய மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக வெளியே வந்தது. "மோட்டார் எங்க?"

கேசவன் விக்கியைப் பார்த்தார். விக்கி தரையைப் பார்த்தான்.

"சர்வீசுக்குப் போயிருக்கும்மா," என்று கத்தினான்.

"புது மோட்டாருக்கு இன்னாடா சர்வீசு?"

விக்கி கேசவனின் காதருகே போனான். "மாமா, நம்ம மஹால்ல இருக்கு. வாசல்ல ஃபவுண்டன் ஓடணும்னு அக்கா சொன்னாங்க. அந்த மோட்டார் வர லேட்டாச்சு. இங்க எப்படியும் பூட்டத்தானே போறோம்னு..."

கிசுகிசுத்தான் என்றாலும் ஏசுபாதம் மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தார். தலைவரைச் சேர வேண்டிய சேதி. அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"மோட்டார் கேசவ மஹாலில் உள்ளது!"

சந்தை முழுக்கக் கேட்டது. கூடைகளுக்குப் பின்னாலிருந்து முதல் சிரிப்பு கிளம்பியது.

"அப்போ அது வந்ததும் நான் வர்றேன்," என்றார் பேபி.

கேசவன் கெஞ்சினார். வெளியே காட்சிக்கு வைத்திருந்த இரண்டு டிரம் தண்ணீரிலிருந்து பக்கெட்டில் மொண்டு தருவதாகச் சொன்னார். "அந்த டிரம்மு அடுத்த புதன் வருமா சார்?" என்று உள்ளேயிருந்து கேள்வி வந்தது. தாழ்ப்பாளை நெம்பலாம் என்றால், உள்ளே போவதற்கு ஆண் ஒருவனுக்கும் துணிச்சல் இல்லை. வந்திருந்த அதிகாரிகளில் ஒருவர்கூடப் பெண் இல்லை. வாசலில் வேறு ஏசுபாதம், "தலைவர் அவர்கள் உள்ளே இருக்கிறார்கள்," என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மறுத்தார். கேசவனின் செல்போன் அடித்தது. மனைவி. எடுத்தார், "வந்துகிட்டே இருக்கோம்மா," என்றார், வியர்வையைத் துடைத்தார்.

மணி பதினொன்றாயிற்று. கேசவனுக்குப் பழைய நிலக்காரக் கோபம் வந்துவிட்டது.

"என்ன பெரிய சேர்மன்! ஒரு அம்மா கக்கூஸ்ல உக்காந்துகிட்டா என் மண்டபம் நின்னுடுமா? ஸ்ரீவித்யா மேடம் கவுன்சிலர்தானே, அவங்க விளக்கு ஏத்தட்டும். பேபி அம்மாவுக்கு வயித்தால போகுதுன்னு சொல்லிடுங்க. எவ்ளோ நேரம் உள்ள இருப்பாங்களோ இருக்கட்டும்!"

பேபிக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. கவிழ்த்த பக்கெட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கேசவன் சொல்வதும் உண்மைதானே? விளக்கேற்ற இன்னொரு கை கிடைத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் போய்விடுவார்கள். சாயங்காலம் அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருவார். பூட்டுப் போடுவார்கள். கழிப்பறைக்குள் உட்கார்ந்த சேர்மன் என்று ஊர் சிரிக்கும். செல்லம்மா அதற்குக்கூடச் சிரிக்க மாட்டாள். பேபிக்கு அழுகை வந்தது. பட்டுப்புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

வெளியே ஏசுபாதத்தின் குரல் கேட்டது. "நில்லும்மா! தலைவர் அனுமதி வேணும்."

"ஒண்ணுக்குப் போறதுக்கு எவன் அனுமதிய்யா வேணும்? தள்ளு!"

செருப்புச் சத்தம். பக்கத்து அறையின் கதவு. தாழ்ப்பாள். பிறகு தொண்டையைச் செருமும் சத்தம். அந்தச் செருமலைப் பேபி இருபத்திரண்டு வருஷம், ஒரு முழத் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறார்.

"உனுக்கும் தண்ணி வரலியா?" என்றது சுவருக்கு அந்தப் பக்கம்.

"வரல."

"எனுக்கும்."

பேபி தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எட்டு மாசமாச்சி செல்லம்மா, நீ என்கிட்ட பேசி."

"இப்பவும் உன்கிட்ட பேசல. செவுத்துகிட்ட பேசிகினு கீறேன்."

"கல்லு எப்டி கீது?"

"ஒண்ணு போச்சி. ஒண்ணு கீது."

"அந்த ரெண்டையும் பூட்டுவாங்கன்னு எனுக்குத் தெரியாது. கத்திரிக்கோலக் குடுத்தாங்க, வெட்டினேன்."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் என்மேல கோச்சிகினே?"

"பின்ன யார்மேல கோச்சிக்கறது? கேசவன் மேலயா? அவன் என்னிக்கி நமக்கு செய்யறேன்னு சொன்னான், செய்யாம போனதுக்குக் கோச்சிக்க? உரிமை கீற எடத்துலதான் பேபி கோவம் வரும்."

பேபிக்கு மறுபடி அழுகை வந்தது. இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. "அழாதடீ, சேர்மன் நீ," என்றாள் செல்லம்மா. அதற்குள் மூன்றாம் கதவும் நான்காம் கதவும் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

வெளியே கேசவன் காரில் ஏறியிருந்தார். கார் நகரவில்லை. அதற்கு முன்னால் ஒரு வரிசை நின்றது. நான்கு அறையும் நிரம்பிவிட்டதால் சந்தைப் பெண்கள் ஒழுங்காக வரிசையில் நின்றுவிட்டார்கள். பூக்காரி, வெங்காயக்காரி, வளையல்காரி என்று அது படியில் தொடங்கி, காருக்கு முன்னால் வளைந்து, சாலையையும் தாண்டிப் போயிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தான்.

"க்யூ சார், கலைக்கக் கூடாது," என்றாள் வளையல்காரி மரியாதையாக. "கலைஞ்சா பேஜாராப் பூடும்."

"ஸ்ரீவித்யா மேடம் எங்கய்யா?" என்று கேசவன் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

கவுன்சிலர் ஸ்ரீவித்யா வரிசையில் ஏழாவதாக நின்றிருந்தார். "சாரி சார். காலைல ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். எனக்கும் அவசரம்," என்றார்.

செல்போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை மனைவியின் குரல் காருக்கு வெளியிலும் கேட்டது. தங்க எழுத்தில் யார் பெயர் அடித்திருக்கிறதோ அவர் வந்தால்தான் விளக்கு, ராகு காலத்தில் ஏற்றினாலோ, அந்த மண்டபத்து வாசலையே தான் மிதிக்கப்போவதில்லை. கேசவன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, விக்கியைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"போடா. கழட்டிகிட்டு வா."

"மாமா, ஃபவுண்டன் ஓடிகிட்டு இருக்கு. விருந்தாளிங்க எல்லாம் நின்னு செல்ஃபி எடுத்துகிட்டு..."

"கழட்டுடா!"

லோடு ஆட்டோவில் மோட்டார் வந்து இறங்கியபோது மணி பதினொன்று முப்பத்தைந்து. அதன்மேல் இன்னும் ஒரு ரோஜா இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. விக்கி புதுச் சட்டையோடு மண்ணில் முட்டி போட்டு போல்ட்டை முடுக்கினான். ஜன்னல் வழியே பேபி மேற்பார்வை பார்த்தார். காட்சிக்கு வைத்த டிரம் தண்ணீரை மோட்டாருக்குள் ஊற்றிக் காற்றை விரட்டினார்கள். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமியது.

நான்கு அறையிலும் குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருமின. செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பின. பிறகு தண்ணீர், வெள்ளை வெளேரென்று, பக்கெட்டின் அடியில் தடதடவென்று விழுந்தது. பேபி இரண்டு கையையும் அதில் நீட்டினார். சிரித்தார். பக்கத்து அறையில் செல்லம்மாவும் சிரிப்பது கேட்டது. வெளியே வரிசை கை தட்டியது. காலையில் ரிப்பனுக்குத் தட்டிய கைதட்டல் அதில் கால்வாசிகூட இல்லை.

"சேர்மன் அம்மா!" கேசவனின் குரல் உடைந்திருந்தது. "தண்ணிதான் வந்துடுச்சே! மணி பதினொன்னு அம்பது! வெளிய வாங்கம்மா!"

பேபி வாயைத் திறப்பதற்குள் அடுத்த அறையிலிருந்து பதில் போய்விட்டது.

"கொஞ்சம் இரு கேசவா. இப்பத்தானே தண்ணி வந்துது. வந்த வேலய முட்ச்சிகினு வர்றோம்."